வெப்பக் கடலில் நீர்புகாக் காற்சட்டை: செம்மலைக் கரையில் தூண்டில் போடும் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரு மனிதரையும் அவருடைய இரண்டு பாதங்களையும் பற்றியது. அவர் என் தாய்மாமன், ஓய்வுபெற்ற ஆசிரியர். முள்ளியவளையில் வசிக்கிறார், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அளம்பில், செம்மலை, நாயாறு என்று முல்லைத்தீவுக்குத் தெற்கே நீளும் மணற்கரையில் நின்று அலைக்குள் தூண்டில் எறிவது இளமையிலிருந்து அவரை விடாத பழக்கம். இடப்பெயர்வுகளும் 2004 ஆழிப்பேரலையும் 2009 இறுதிப்போரும் இடையில் வந்தன. கரைக்குத் திரும்ப முடிந்த ஒவ்வொரு காலத்திலும் அவர் தூண்டிலோடுதான் திரும்பினார்.

நீரிழிவு அவருக்குப் பல ஆண்டுகளாக இருக்கிறது. கிளினிக்கில் பாதப் பரிசோதனை செய்தபோது, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை ஒன்றை உள்ளங்காலின் பல இடங்களில் தொட்டு, படுகிறதா என்று கேட்டார்கள். தங்கூசி என்னும் தூண்டில் நூலின் சிறு அதிர்வை விரல் நுனியில் வாங்கி, தொடுவது கிழங்கானா பாரையா என்று சொல்லக்கூடியவர், பெருவிரலின் அடியில் வைத்த அந்த இழையை உணரவில்லை. வெறுங்காலோடு கடலில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காரணம் தெளிவானது. உணர்ச்சி குறைந்த காலில் சிப்பி கிழித்தாலும் தெரியாது. தெரியாத காயத்தோடு மணிக்கணக்கில் நிற்பார். வெப்பமான, உப்புக் குறைந்த கழிமுக நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பற்றீரியா நன்றாகப் பெருகும். அது காயத்தின் வழியாக உள்ளே போனால், நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர்களுக்கு உயிராபத்தாக முடியலாம். களப்பும் கடலும் கலக்கும் நாயாற்று முகத்துவாரம் மாமாவுக்கு மிகவும் பிடித்த இடம்.

கடலையே விட்டுவிட்டால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, தினமும் நடக்கச் சொல்வதும் அதே டொக்டர்தான். கடற்கரையை விட்டால் நான் வேறெங்கே நடப்பது?” அன்றிலிருந்து அவருக்குப் பொருத்தமான உடையைத் தேடுவது என் வேலையாயிற்று. நான் தையல் தொழில் செய்பவன். சட்டை, பாவாடையோடு உழவு இயந்திரத்தின் கூடாரத் தறப்பாளும் தைக்கிறேன். ஆகவே எந்த உடையைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் மூட்டுகளைத்தான் பார்ப்பேன்.

எதற்காக இந்த உடை?

வேடர்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் இந்த நீர்புகாக் காற்சட்டைகள் குளிர்நாட்டு ஆறுகளுக்கும் கரைகளுக்கும் பிறந்தவை. அவற்றைப் பற்றிய வழிகாட்டிகளும் அங்கேயே எழுதப்பட்டவை. 10 பாகை செல்சியஸ் நீரில் நிற்பவருக்கு உடல் வெப்பத்தைக் காப்பதுதான் முதற்கவலை. நம் கரையில் கடல் நீர் மாரியில் 26, 27 பாகை அளவில் இருக்கும். சித்திரை வைகாசியில் 30 பாகையை ஒட்டும். இங்கே குளிரில் விறைத்துப்போக யாரும் இல்லை. எனவே அந்த வழிகாட்டிகளின் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான பொருளை வாங்குவோம்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல பாதம் உள்ளவருக்கு, பகலில், முழங்கால் ஆழத்தில் நிற்க இந்த உடை தேவையே இல்லை. அரைக்காற்சட்டையும் விரல் மூடிய சப்பாத்தும் போதும். கரைவலை இழுக்கும் தொழிலாளர்கள் காலங்காலமாக நனைந்துகொண்டுதான் நிற்கிறார்கள். நனைவது அவர்களுக்குக் குளிர்ச்சி. பாதத்தில் புண் உள்ளவர், உணர்ச்சி குறைந்தவர், வாடைக்காற்றில் இரவு முழுவதும் நிற்பவர், சொறிமுட்டை (ஜெலி மீன்) ஒதுங்கும் காலத்தில் தோல் எரிச்சலுக்கு அஞ்சுபவர் ஆகியோருக்கே இது தேவைப்படும். மாமாவுக்குத் தேவைப்பட்டது பாதத்துக்காக. பாதம் காயப்படக் கூடாது, மணல் உள்ளே போகக் கூடாது, வியர்வையில் ஊறிப்போகவும் கூடாது. மூன்றாவதுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது.

பொதியில் வந்த நியோப்ரீன்

கனடாவில் இருக்கும் மைத்துனன் விஷயம் கேள்விப்பட்டு ஒரு பொதி அனுப்பினான். மார்பு வரை ஏறும் 5 மில்லிமீற்றர் நியோப்ரீன் உடை, பூட்ஸ் சேர்த்து ஒட்டப்பட்டது. மிக நல்ல பொருள். மூட்டுகள் ஒட்டப்பட்டு, தைக்கப்பட்டு, உட்புறம் நாடாவும் பதிக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகள் உழைக்கும் என்று தொட்டவுடனே சொல்லலாம்.

ஆனால் நியோப்ரீன் என்பது மூடிய சிறு வாயுக்குமிழிகள் நிறைந்த றப்பர் நுரை. வெப்பத்தை வெளியே விடாது, ஆவியையும் விடாது. வாகனத்தை விட்டு இறங்கி மணலில் தண்ணீர் வரை நடப்பதற்குள் மாமாவின் முதுகு நனைந்துவிட்டது. காலுறையைக் கழற்றிப் பார்த்தால் விரலிடுக்குத் தோல் வெளுத்து ஊறியிருந்தது. நீரிழிவுப் பாதத்தில் அப்படி ஊறிய தோல்தான் முதலில் வெடிக்கும். கடல்நீர் படாமலே புண்ணுக்கு வழி திறந்துவிடும். இன்னொன்றும் கவனித்தோம். குமிழிகள் நிறைந்த பொருள் என்பதால் அது மிதக்கும். அலை வரும்போது காலைத் தரையிலிருந்து கிளப்பப் பார்க்கிறது. உணர்ச்சி குறைந்த காலுக்கு நிலைதான் முக்கியம்.

அந்த உடை இப்போது வீட்டுப் பரணில் இருக்கிறது. அனுப்பியவனின் அன்பில் குறை எதுவும் இல்லை. அவன் நிற்கும் கடலுக்கு அதுவே சரியான உடை.

பிவிசி: மூட்டில் தெரியும் ஆயுள்

வடிகால் வேலைக்கும் மீன் பண்ணைக்கும் என்று கொழும்பில் விற்கப்படும் பிவிசி உடையை அடுத்து எடுத்துப் பார்த்தோம். நியோப்ரீனை விட மெல்லியது, விலை மலிவு. இதுவும் ஆவியை வெளியே விடாது என்றாலும் தளர்வாக இருப்பதால் இடுப்புப் பக்கம் சிறிது காற்று ஓடும். முழங்கால் ஆழத்தில் குறைந்த நேரம் நிற்பவருக்கு, தொடை வரை மட்டும் ஏறும் பிவிசி உடை மோசமான தேர்வல்ல.

உழைப்பைப் பற்றி என் தொழிலறிவோடு சொல்கிறேன். இத்தகைய உடை நடுத்துணியில் கிழிவது அரிது. கிழிவது மூன்று இடங்களில்: இரண்டு காலும் சேரும் கவட்டு மூட்டு, முழங்காலின் பின்மடிப்பு, துணியும் பூட்ஸும் சேரும் வளையம். கவட்டில் நான்கு மூட்டுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால் அங்கே இழுவை முழுவதும் குவியும். அந்த இடத்தில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தால் இழுவை பரவும். தைத்து ஒட்டிய மூட்டைவிட வெப்பத்தால் உருக்கிச் சேர்த்த மூட்டு பிவிசியில் பாதுகாப்பானது, ஏனெனில் ஊசித் துளையே இல்லை. கடையில் உடையை உட்புறம் வெளியே திருப்பி, மூட்டு நாடாவின் ஓரத்தை நகத்தால் மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். அங்கே ஓரம் எழுந்தால் கடலில் நிச்சயம் எழும். நாங்கள் பார்த்த உடையில் பூட்ஸ் வளையத்தில் பசை சீராக ஓடவில்லை. ஒரு பருவத்துக்குள் அங்கேதான் நீர் புகுந்தது.

அதை ஒட்டுவதற்குச் சைக்கிள் கடை சொலூசன் உதவாது. அது றப்பருக்கு உரியது. றப்பர் பூட்ஸில் விழுந்த வெடிப்பைப் பிடிக்கும், பிவிசியில் சில நாளில் உரிந்து வரும். பிவிசிக்கு அதற்கென்று விற்கும் பசையே வேண்டும்.

நுளம்பு மருந்து பற்றி யாரும் எச்சரிக்காத ஒரு செய்தியும் இருக்கிறது. மாலையில் கரைக்குப் போகிறவர்கள் டெங்குவுக்குப் பயந்து கையிலும் காலிலும் மருந்து பூசிக்கொள்கிறார்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் டீட் என்ற இரசாயனம் பிவிசி போன்ற பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பூசிய கையோடு உடையை இழுத்து மாட்டினால், பிடித்த இடத்திலேயே அது பிசுபிசுத்துப் பின்னர் வெடிக்கும். முதலில் உடை, பிறகு மருந்து, அதன்பின் கை கழுவல் என்ற ஒழுங்கை மாமா இப்போது பழகிக்கொண்டார்.

ஆவி விடும் படலம் இங்கே எவ்வளவு வேலை செய்யும்?

விலை கூடிய வகை, நைலோன் அல்லது பொலியெஸ்டர் துணிக்குள் நுண்ணிய படலம் வைத்தது. நீரை உள்ளே விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும் என்று விளம்பரம் சொல்லும். அது பொய்யல்ல, ஆனால் அந்த வேலையைச் செய்ய வைப்பது உள்ளேயும் வெளியேயும் உள்ள ஆவியழுத்த வேறுபாடு. 34 பாகையில் இருக்கும் ஈரத்தோலின் அருகே நிறைவுற்ற ஆவியழுத்தம் ஏறத்தாழ 5.3 கிலோபாஸ்கல். 10 பாகையில் அது 1.2. 28 பாகையில் 3.8. குளிர்நாட்டு ஆற்றில் நிற்பவரின் உடைக்குள்ளிருந்து ஆவியை வெளியே தள்ளும் வேறுபாடு நான்கு கிலோபாஸ்கலுக்கு மேல். நம் கடலில் ஒன்றரை மட்டுமே. அதே துணி இங்கே மூன்றிலொரு பங்கு வேகத்தில்தான் மூச்சு விடும். மாரி மழையில் காற்றும் ஈரமாக இருப்பதால், நீருக்கு மேலே இருக்கும் பகுதிக்கும் பெரிய ஆறுதல் கிடைக்காது.

அப்படியானால் கூடுதல் பணம் கொடுப்பது வீணா? மாமாவின் காலுறையைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். நியோப்ரீனிலும் பிவிசியிலும் பிழிந்தால் சொட்டிய காலுறை, படல உடையில் ஈரப்பதத்தோடு மட்டும் இருந்தது. விரலிடுக்கு வெளுக்கவில்லை. முழுப் பயன் கிடைக்காவிட்டாலும், பாதத்துக்குத் தேவையான அளவு கிடைத்தது. தவிர, துணி மெல்லியது. மார்பு வரை உள்ள உடையை இடுப்புக்குச் சுருட்டி வாரால் கட்டிக்கொள்ளலாம். வெப்பம் வெளியேற அதைவிட நல்ல வழி வேறில்லை. மேல்பாதி முழுவதும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. ஆகவே இங்கே வாங்குபவர்கள் சுருட்டி இடுப்பில் நிறுத்தக்கூடிய உடையைக் கேட்டு வாங்க வேண்டும். படலத்தின் பெயரை விட அது முக்கியம்.

மணல்

இந்த வகையில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில் உடை மென்மையான காலுறை போல முடியும். மேலே தனிச் சப்பாத்து அணிந்து கயிறு கட்ட வேண்டும். மற்றதில் பூட்ஸ் உடையோடு சேர்ந்தே இருக்கும். ஆற்றுக் கற்களில் நடப்பவர்கள் முதலாவதை விரும்புவதில் நியாயம் உண்டு, கணுக்காலை அது இறுகப் பிடிக்கும். கற்களில் வழுக்காதிருக்க அடியில் கம்பளி ஒட்டிய சப்பாத்தும் அவர்களுக்கு விற்கப்படுகிறது. மணலில் அதற்கு வேலையில்லை.

செம்மலைக் கரையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடைந்த அலை திரும்பும்போது குதிக்காலின் கீழிருந்து மணலை அரித்துக்கொண்டு போகிறது. நிற்பவர் சிறிது சிறிதாகப் புதைகிறார். கலங்கிய மணல் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே புகும். தனிச் சப்பாத்து என்றால் கயிற்றுத் துளை, நாக்கு, கணுக்கால் மடல் என்று எல்லா வழியாகவும் புகுந்து, சப்பாத்துக்கும் மெல்லிய காலுறைப் பகுதிக்கும் இடையே தங்கிவிடும். ஒவ்வொரு அடியிலும் அது உப்புத்தாள் போடுவதைப்போல் தேய்க்கும். துணியில் ஊசிமுனைத் துளைகள் அப்படித்தான் வருகின்றன. மாமாவுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருந்தது: உள்ளே ஒரு கல் அழுத்திக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது. எனவே மணற்கரைக்கு பூட்ஸ் சேர்ந்த உடை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆழமான பற்களைக் கொண்ட றப்பர் அடி போதுமானது. பற்களுக்கிடையே இடைவெளி அகலமாக இருந்தால் மணல் அடைக்காமல் உதிரும்.

அந்த மணலுக்குள் வேறு பொருள்களும் இருக்கின்றன. அலை கொண்டுவந்த போத்தல் துண்டு, கழித்த தூண்டில் முள், துருப்பிடித்த கம்பி. மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரையான கரையில் 2009 இன் எச்சங்கள் இன்னும் மணலிலிருந்து வெளிப்படுகின்றன. அங்கே எதையும் கிண்டாமல், காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். தடித்த அடி உள்ள பூட்ஸ் இவற்றில் பலவற்றைத் தடுக்கும். திருக்கையின் முள்ளை எந்தத் துணியும் தடுக்காது. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நகர்ந்தால் திருக்கை முன்கூட்டியே விலகிவிடும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டு நீரில், ஏறத்தாழ 45 பாகையில், காலை அமிழ்த்தி வைப்பது முதலுதவி. உணர்ச்சி குறைந்தவருக்கு அந்த நீரின் சூட்டை இன்னொருவர் தன் கையால் பார்த்தே கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் முள் செய்ததைவிடப் பெரிய காயத்தை வெந்நீர் செய்துவிடும்.

அளவு எடுத்தது

மாமா குள்ளமானவர், வயிறு சற்றுப் பெரியது. வயிற்றுக்கு ஏற்ற அளவை வாங்கினால் வெளிநாட்டு உடையில் கால் நீளம் மிஞ்சும். மிஞ்சிய துணி முழங்காலிலும் கணுக்காலிலும் மடிந்து, அந்த மடிப்பில் தேய்ந்து, அங்கேயே ஒழுகத் தொடங்கும். நீர்புகா உடையை வெட்டிச் சுருக்குவது என்னைப் போன்ற தையற்காரனால் ஆகாத வேலை. ஒவ்வொரு ஊசித்துளையும் ஓர் ஒழுக்கு. அதனால் கவட்டிலிருந்து பாதம் வரையான உட்கால் நீளத்தை முதலில் அளந்து, குறுகிய கால், அகன்ற இடுப்பு என்று தனி அளவு தரும் உடையைத் தேடினோம். கிடைக்க நாளாயிற்று. அணிந்த பிறகு செய்ய வேண்டிய சோதனை எளிது: முழுதாகக் குந்தி எழ வேண்டும், ஒரு காலை நாற்காலி உயரத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். கவட்டு இழுத்தால் அது சிறிது, முழங்காலின் பின்னே துணி குவிந்தால் அது பெரிது.

பூட்ஸை மிகப் பெரிதாக எடுக்கக் கூடாது. மணல் அதைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் மேலே விடும். இறுக்கமும் கூடாது, உணர்ச்சி குறைந்த பாதம் கடித்ததைச் சொல்லாது. மெல்லிய, உள்மூட்டு இல்லாத காலுறை ஒன்றோடு விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும். அணிவதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டில் மாமியின் பொறுப்பு. மாமா மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

இடுப்புப் பட்டியும் ஆழமும்

இந்த உடைக்குள் நீர் புகுந்தால் அது கல்லைப்போல் அடிக்கு இழுத்துவிடும் என்று கரையில் சொல்வார்கள். உள்ளே புகுந்த நீருக்கு நீருக்குள் எடை இல்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: நீந்தக் காலை அடிக்க முடியாது, கரையேற முயலும்போது 20 லீற்றர் நீர் 20 கிலோவாகத் தொங்கும். இடுப்பில் இறுகக் கட்டிய பட்டி அந்த நீரைப் பெருமளவு தடுக்கும். பட்டி இல்லாமல் மாமாவைக் கரையில் இறங்க நான் விடுவதில்லை. தோள்வாரின் கொளுவிகள் ஒரு கையால் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும்.

தொடைக்கு மேல் ஆழம் போவதில்லை என்பது எங்களிடையே உள்ள உடன்பாடு. நம் கரையில் வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆழத்தை மாற்றுவது அலையும் மணலும்தான். வாடைக்கால அலை கரையை வெட்டிப் படி போலாக்கிவிடும். நேற்று முழங்கால் அளவாக இருந்த இடம் இன்று இடுப்பளவாகலாம். மாரியில் நாயாற்று முகத்துவாரம் வெட்டுண்டு களப்பு நீர் கடலுக்குப் பாயும் நாட்களில் இந்த உடையோடு அங்கே யாரும் இறங்கக் கூடாது. மாமாவுக்குப் பிடித்த இடம் என்றாலும் அந்த நாட்களில் அவர் கரையில் நின்றே எறிகிறார். பாரை அடிக்கும் நேரம் அதுதான் என்று அவர் வாதாடினார். நான் அசையவில்லை.

பராமரிப்பும் இன்றைய நிலையும்

வீடு வந்ததும் கிணற்று நீரில் வெளிப்புறம் கழுவி, பூட்ஸின் வளையத்தில் தங்கிய மணலை விரலால் எடுத்து, தலைகீழாக நிழலில் தொங்கவிடுகிறோம். வெளிப்புறம் காய்ந்த பின் உட்புறத்தைத் திருப்பிக் காயவிட வேண்டும். வெயிலில் போட்டால் மூட்டு நாடாவும் றப்பரும் சீக்கிரம் வெடிக்கும். மடித்து வைத்தால் மடிப்பில் படலம் பிரியும்.

நுண்ணிய ஒழுக்கைக் கண்டுபிடிக்க உட்புறத்தை வெளியே திருப்பி, மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் தெளித்தால், துளை உள்ள இடம் கருத்த புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியில் பொலியுறேத்தேன் பசையைக் காசளவு பரப்பி ஓர் இரவு விட்டால் போதும். சோதனையைத் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். பிவிசியிலும் நியோப்ரீனிலும் இந்த முறை பலிக்காது; இருட்டறையில் உள்ளே டோர்ச் லைட்டை வைத்து ஒளி கசியும் இடத்தைப் பார்ப்பது பிவிசிக்கு உதவும்.

பூட்ஸ் சேர்ந்த படல உடை மாமாவிடம் இப்போது ஒரு முழு மாரியையும் கண்டுவிட்டது. முழங்கால் பின்மடிப்பில் இரண்டு புள்ளிகளை ஒட்டியிருக்கிறேன். கவட்டு மூட்டு அசையவில்லை. கிளினிக்கில் பாதத்தைப் பார்த்த தாதி புதிய காயம் எதுவும் இல்லை என்று எழுதினார். நடுப்பகலில் அதை அணிய முடியாது; பொழுது சாயும்போதும் விடியற்காலையிலும்தான் கரைக்குப் போகிறோம். இடையில் ஒரு தடவை கரையேறி, உடையைக் கழற்றி, பாதத்தை ஆறவிட்டு, காலுறை மாற்றிக்கொள்கிறார். வலது பூட்ஸின் குதிக்கால் வளைவில் ஒரு கோடு விழத் தொடங்கியிருக்கிறது. அது வெடிப்பாக மாறினால் அங்கே சைக்கிள் கடை சொலூசன் பிடிக்கும், ஏனெனில் அந்த இடம் றப்பர்.